மூன்று மில்லிமீட்டர் பலகை

பெங்களூரு

அன்புள்ள தங்கைக்கு,

உருக்குத் தந்தி பூட்டிய ஆறு தந்திக் கிட்டாரைச் சுருதி சேர்த்து வைத்தால், எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு முழுவதும் வந்து சேர்வது, தந்திகளைப் பிடித்திருக்கும் குதிரை என்ற கட்டையில். குதிரை ஒட்டியிருக்கும் மேல்பலகையின் கனமோ 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. பலகை தடித்துவிட்டால் கிட்டார் ஊமையாகும். அளவுக்கு மீறி மெலிந்தால் குதிரைக்குப் பின்னால் வயிறு புடைத்து, நாளடைவில் விரிசல் விடும். கையால் கிட்டார் செய்பவர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை போராடுவது இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவேதான்.

தந்தி மெல்லியது, அது மட்டும் அதிர்ந்தால் காற்று அசைவதே தெரியாது. தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கிப் பலகைக்குக் கொடுக்கிறது. பலகை அகலமானது என்பதால் காற்றைத் தள்ளி இழுக்க அதனால் முடிகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் நடுத்துளை வழியாக மூச்சு விடுவதுபோல் உள்ளும் வெளியும் போய்வரும். சாதாரண அளவுள்ள கிட்டாரில் இந்தக் காற்றின் இயல்பான அதிர்வு விநாடிக்கு 100 முறையை ஒட்டி இருக்கும். தடித்த தந்திகளின் கம்பீரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே மேல்பலகைக்கு வேண்டிய மரம் எடை குறைந்ததாகவும் விறைப்பு மிகுந்ததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் மரங்களில் முதன்மையானது குளிர்நாடுகளில் வளரும் ஸ்ப்ரூஸ். கன மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோதான் அதன் எடை. இந்தியாவில் கிட்டார் செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே தருவிக்கிறார்கள்.

பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் உலகம் தேடி வரும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. தமிழில் ஈட்டி, கன்னடத்தில் பீட்டே. ஸ்ப்ரூஸைப் போல் இரு மடங்கு எடை, கரும்பழுப்பும் ஊதாவும் கலந்த வரிகள், அறுக்கும்போது எழும் இனிய மணம். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ஈட்டியைத்தான் பயன்படுத்தியது. அந்த மரம் கிடைப்பது அரிதானபோது, 1969இல் தன் புகழ்பெற்ற மாதிரிகளை இந்திய ஈட்டிக்கு மாற்றியது. அன்றிலிருந்து உலகின் உயர்ரகக் கிட்டார்கள் பல தென்னிந்திய மரத்தை முதுகில் சுமக்கின்றன. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த ஈட்டி மரங்களும் இதற்குப் பயன்படுகின்றன. 2017 சனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. எனினும் மரம் வாங்கும்போது அது முறையாக வெட்டப்பட்டது என்பதற்கான தாள்களைக் கேட்டு வாங்குவதே சரி. ஈட்டி மெதுவாக வளரும் மரம். ஒன்றை வெட்டினால் அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை போதாது.

ஆனாலும் பின்பலகைக்குக் கிடைத்திருக்கும் புகழ் அதன் வேலைக்கு மிஞ்சியது. ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ் இதை 1862இலேயே செய்து காட்டிவிட்டார். ஸ்ப்ரூஸ் மேல்பலகையை நன்றாகச் செய்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து ஒரு கிட்டார் செய்தார். குரலைத் தீர்மானிப்பது மேல்பலகை என்பதற்கு அந்த அட்டைக் கிட்டார் சாட்சி. அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் கிட்டாருக்கு விலையுயர்ந்த ஈட்டி தேவையே இல்லை. நன்றாக உலர்ந்த மகோகனி போதும். மிச்சமாகும் பணத்தை மேல்பலகைக்குச் செலவிடுவதே புத்தி.

எந்த மரம் என்பதைவிட, பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பது முக்கியம். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருக்க வேண்டும். அப்படி அறுத்த பலகையில் ரேகைகள் நேர்கோடுகளாக, நெருக்கமாக ஓடும். ஈரம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக்கொள்வதும் குறைவு. ஒரே கட்டையை நடுவே பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் இரு பாதியையும் விரித்து ஒட்டுவார்கள். அதனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் அமையும். அழகு மட்டுமல்ல, இரு புறமும் விறைப்பு ஒத்திருக்கும் என்பதும் காரணம்.

இனி ஈரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்ச்சியான ஊர் என்று பெயர். ஆனால் மாசி, பங்குனிப் பிற்பகலில் காற்று வறண்டு கிடக்கும். ஆடி, ஆவணியில் அதே காற்று ஈரத்தில் கனத்துவிடும். மேல்பலகையின் அகலம் 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மரத்திலுள்ள ஈரம் 4 விழுக்காடு குறைவதற்குள் பலகை குறுக்குவாட்டில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சுருங்கும். மழைக்காலத்தில் பலகையின் அடியில் தாங்கு சட்டங்களை ஒட்டிவிட்டால், கோடையில் பலகை சுருங்கப் பார்க்கும், குறுக்கே ஒட்டிய சட்டம் விடாது. முடிவில் ரேகையோடு ஒரு நீண்ட வெடிப்பு. அதனால் ஒட்டும் வேலை நடக்கும் அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். சிறிய ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்த பிறகே பசை டப்பாவைத் திறப்பார்கள். மரத்தின் ஈரம், சுருக்கம், வலிமை ஆகியவற்றை ஆராய்வதற்கென்றே பெங்களூரு மல்லேஸ்வரம் 18ஆம் குறுக்குத்தெருவில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938இல் மைசூர் அரசு தொடங்கிய வன ஆராய்ச்சிக்கூடம்தான் 1988இல் அந்தப் பெயரைப் பெற்றது. இந்தத் தொழிலில் இறங்குபவர் மரத்தைப் பற்றி அறிய வெகுதூரம் அலைய வேண்டாம்.

மேல்பலகையை இழைப்பதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான கட்டம். இழைப்புளியில் சுருள் சுருளாக மரம் சீவி விழும். 4 மில்லிமீட்டரிலிருந்து 3க்கு வரும்வரை அளவுகோலை நம்பலாம். அதற்குப் பிறகு விரல்களும் காதும்தான் கருவி. பலகையின் மேல் ஓரத்திலிருந்து கால் பங்கு கீழே இரு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். தடித்த பலகை கதவைத் தட்டினாற்போல் மொட்டையாகப் பேசும். இழைக்க இழைக்க ஓசை கீழிறங்கும். ஒரு கட்டத்தில் தட்டிய பிறகும் ஓசை சற்று நின்று ரீங்காரம் செய்யும். இரு கையாலும் ஓரங்களைப் பிடித்து மெல்ல வளைத்தால் பலகை இசைந்து கொடுத்து, விட்டதும் திரும்பும். அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டரை 2.7 ஆக்கினால் கனம் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. விறைப்போ கால் பங்குக்கு மேல் போய்விடும். நாலைந்து முறை கூடுதலாக இழைத்தாலே பலகை வேறு பலகையாகிவிடும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

மெலிந்த பலகை 70 கிலோவைத் தாங்குவது அடியில் ஒட்டும் சட்டங்களால். இன்று நைலான் தந்தி பூட்டும் கிட்டார் வகைக்குத் தோரஸ் விசிறி வடிவச் சட்டங்களைச் செம்மைப்படுத்தினார். 1840களில் மார்ட்டின் பட்டறையில் பெருக்கல் குறி வடிவில் இரு சட்டங்கள் குறுக்கிடும் முறை உருவானது. பின்னால் உருக்குத் தந்தி வந்தபோது அதன் இழுப்பை இந்த முறை தாங்கியது. இன்றும் அதுவே வழக்கம். சட்டங்களின் உயரத்தை உளியால் சிறிது சிறிதாகச் செதுக்கி மறுபடியும் தட்டிக் கேட்பார்கள். இங்கும் மும்மடிக் கணக்குதான்.

பக்கப்பலகை 2 மில்லிமீட்டர் கனம். அதை நனைத்து, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். தண்ணீர் சீறி ஆவியாகும். ஈட்டியானால் அறை முழுக்க மணக்கும். சூடு ஏறியதும் மரம் விறைப்பை விட்டு வெண்ணெய்போல் இளகுவது கைக்குத் தெரியும். அதற்கு முன் அழுத்தினால் இடுப்பு வளைவில் பட்டென்று முறியும். வளைத்ததை அச்சில் பூட்டி ஆறவிட்டுப் பிறகு மேலும் கீழும் பலகையை ஒட்டுகிறார்கள். பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம் இன்றும் சிறந்த பசை. பழுதுபார்க்கும்போது சூடு காட்டினால் பிரிந்து வரும். இன்று பலர் கையாளும் வெள்ளைப் பசையும் சூட்டில் இளகக்கூடியதே. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுச் செல்லக் கூடாது என்பது இதனால்தான்.

கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. 1920களில் கிப்சன் நிறுவனத்தில் வந்த ஏற்பாடு இது. தந்தி இழுத்துக் கழுத்து வளைந்தால் கம்பியைத் திருகி நேராக்கலாம். கழுத்தின் மேல் கருங்காலியோ ஈட்டியோ ஒட்டி, அதில் மெட்டுகள் பதிக்கப்படும்.

மெட்டுகளின் இடைவெளி கணக்கில் பிறப்பது. தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 36.37 மில்லிமீட்டரில். மீதமுள்ள 611.63ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி 34.33. இப்படியே போனால் 12ஆம் மெட்டு மிகச் சரியாக 324இல், பாதி நீளத்தில், வந்து நிற்கும். அப்படி நிற்காவிட்டால் கணக்கில் எங்கோ பிழை. ஒவ்வொரு தூரத்தையும் தொடக்கத்திலிருந்தே அளந்து குறிக்க வேண்டும். மெட்டுக்கு மெட்டு அளந்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். ரம்பத்தால் பள்ளம் அறுத்த பிறகு திருத்தம் கிடையாது.

வீணையில் இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டார்கள். தேன்மெழுகோடு கரி கலந்து தண்டியின் மேல் சட்டமாக வார்த்து, அதில் 24 மெட்டுகளை அமர்த்துகிறார்கள். கணக்கை நம்பாமல், ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நகர்த்தி வைப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பது மரபு. மெழுகு இளகித் தடம் புரண்டால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மெட்டுகள் மெழுகுச் சட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கவும் இடமிருக்கிறது. 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாலின் வாசித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணை கற்றிருந்த அந்தக் கிட்டார்க் கலைஞருக்கு வீணையின் வசதி கிட்டாரிலும் வேண்டியிருந்தது.

குதிரையிலும் இதே வேறுபாடு. கிட்டார்க் குதிரையின் முனை கூர்மையானது. தந்தி ஒரே புள்ளியில் அதை விட்டுப் பிரியும். வீணைக் குதிரையின் மேல்தகடு லேசாக வளைந்த பரப்பு. அதிரும் தந்தி அதை உரசியபடியே இருக்கும். மீட்டும் புள்ளியைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது மேலை அறிவியல் விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை தாராளமாக எழுகின்றன, காரணம் அந்த வளைந்த குதிரை என்று 1921இல் எழுதியவர் சர் சி. வி. ராமன். அவர்தான் 1933இல் பெங்களூரு வந்து இந்திய அறிவியல் கழகத்தை நடத்தியவர், 1948இல் தம் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கியவர்.

மெருகுக்கு நல்லது பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, பொருள் நம் அரக்கு. சாராயத்தில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் மெல்லிய படலங்களாகத் தேய்ப்பார்கள். படலம் தடித்தால் பலகையின் குரல் அடங்கும்.

பெங்களூரு ஊரக மாவட்டத்தில், தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில், சிம்பாடிபுரா என்ற சிற்றூர் இருக்கிறது. பல குடும்பங்கள் பலா மரத்தில் வீணை செய்யும் ஊர் அது. கிட்டார் செய்ய விரும்புபவர் அங்கு ஒரு நாள் போய், குடம் குடைபவரின் கையைப் பார்க்க வேண்டும். உட்புறத்தைச் செதுக்கிச் செதுக்கி வெளியே தட்டிக் கேட்கும் அந்தக் கை, ஸ்ப்ரூஸ் பலகையைத் தொங்கவிட்டுத் தட்டும் கைக்கு உறவு.

நீயும் செய்து பார்க்க நினைத்தால், தொடங்குபவருக்கு ஏற்ற முதல் கருவி உகுலேலே. நான்கு நைலான் தந்தி, குறைந்த இழுப்பு, சிறு பலகை. பிழை நேர்ந்தாலும் நட்டம் சிறிது. வேலை நடக்கும்போதே பலகையின் எடை, கனம், அன்றைய ஈரப்பதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். முடித்த கருவியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதே. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உன் வீட்டிலேயே இருக்கட்டும். குதிரைக்குப் பின்னால் பலகை எவ்வளவு எழும்பியது, கழுத்து எவ்வளவு வளைந்தது என்று மாதம் ஒருமுறை அளந்து அதே நோட்டில் குறித்து வை. இரண்டாவது கருவியின் பலகையை எத்தனை மில்லிமீட்டரில் நிறுத்துவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்.

அன்புடன்,
அக்கா