உயிலில் ஒரு பங்கு: பிள்ளைகளின் ஹாஸ்பிஸ் ஊழியத்துக்கு



மாதந்தோறும் காணிக்கை அனுப்பும் அன்பர்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "எங்கள் காலத்துக்குப் பிறகும் இந்த ஊழியத்துக்கு ஏதாவது போய்ச்சேரும்படி உயிலில் எழுதலாமா? எழுதினால் செல்லுமா?" எழுதலாம், முறைப்படி எழுதினால் செல்லும். ஆனாலும் நமது சபைகளில் உயிலைப்பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்ற பயம் விசுவாசிகளிடத்திலும் இருக்கத்தான் செய்கிறது. ஆகையால் இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்றைய ஹாஸ்பிஸ் ஊழியத்தின் முதல் கொடையே ஓர் உயிலில் வந்ததுதான். 1948-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயால் மரித்தார். ஓட்டலில் பரிமாறுகிறவராயிருந்தவர். அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்த மருத்துவ சமூகப் பணியாளர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் அவரும், மரிக்கும் தருவாயிலுள்ளவர்களுக்கென்று ஒரு வீடு இருந்தால் எப்படியிருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். அந்த வீட்டில் தாம் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டுமென்று விரும்பி, அவர் 500 பவுன் எழுதிவைத்தார். சாண்டர்ஸ் அம்மையார் பிற்பாடு மருத்துவம் படித்து டாக்டரானார். செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது 1967-ல். ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின.

பிள்ளைகளுக்கென்று முதல் ஹாஸ்பிஸ் 1982-ல் ஆக்ஸ்போர்டில் உண்டானது. ஹெலன் என்ற சிறுமி மூளையில் கட்டி வந்து படுத்த படுக்கையானாள். பெற்றோர் அவளை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார்கள். சிஸ்டர் பிரான்செஸ் டொமினிக்கா என்ற ஆங்கிலிக்கன் கன்னியர், அவ்வப்போது சில நாட்கள் பிள்ளையைத் தாமே ஏற்றுக்கொண்டு பெற்றோருக்கு இளைப்பாறுதல் கொடுத்தார். அந்தச் சிறு உதவியே "ஹெலன் ஹவுஸ்" ஆயிற்று.

பிள்ளைகளின் ஹாஸ்பிஸ் என்றால் சாகக் கொண்டுபோய் விடும் இடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பையனுக்குப் பல ஆண்டுகள் பராமரிப்பு தேவைப்படும். புற்றுநோய் திரும்ப வந்த பிள்ளைக்கு வலி தெரியாதபடி மார்பின் மருந்து அளவாகக் கொடுக்கப்படவேண்டும். இரவெல்லாம் விழித்திருந்த தாய் இரண்டு இரவு தூங்கவேண்டும். யாரும் கவனியாமல் விடப்பட்ட அண்ணனோ தங்கையோ இருந்தால், அந்தப் பிள்ளையோடும் ஒருவர் உட்கார்ந்து பேசவேண்டும். இவற்றிலெல்லாம் மருந்தைவிட ஆள் பலமே அதிகம் தேவை. புதிய கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடை கிடைத்துவிடும், அதில் பெயர் பொறிக்கலாமே! இராக்காவல் நர்ஸ் ஒருவருடைய சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. உயில் வழியாக வரும் தொகை பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத செலவுக்கே கைகொடுக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்தை வெறுமையாக விட்டு எங்களுக்கு எழுதவேண்டாம். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு 7-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனைவி, பிள்ளைகள், விசேஷமாகத் திருமணமாகாத மகள், ஊனமுற்ற பிள்ளை ஆகியோருக்கு முதலாவது ஒழுங்குசெய்யுங்கள். மிஞ்சுவதில் ஒரு பங்கு போதும்.

உயிலே எழுதாமல் ஒருவர் மரித்தால் என்னவாகும்? இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. ஊழியத்துக்கு ஒரு காசும் போகாது. உள்ளத்தில் நினைத்திருந்தோம் என்பது சட்டத்தில் நிற்காது. "வங்கியில் நாமினி போட்டிருக்கிறோமே" என்பார்கள் சிலர். நாமினி அந்தப் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கவேண்டியவர். அதனால் மட்டும் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

மூத்தவர்களிடத்தில் இன்னொரு சந்தேகம் இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. அதே சட்டத்தின் 118-ம் பிரிவு, உடன்பிறந்தோர் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒரு கிறிஸ்தவர் தர்மகாரியத்துக்குச் சொத்து எழுதிவைத்தால், மரணத்துக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்பே உயில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றது. எழுதிய 6 மாதங்களுக்குள் அதைச் சட்டப்படியான காப்பிடத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். வியாதிப்படுக்கையில் எழுதி மறுமாதம் மரித்தால் அந்தக் கொடை செல்லாது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தத் தடை இல்லை. பார்சிகளுக்கும் 1991-ல் நீக்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்ற குருவானவர் வழக்குத் தொடுத்தார். 2003 ஜூலையில் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவு சமத்துவத்துக்கு விரோதமானது என்று தள்ளுபடி செய்தது. ஆகவே அந்த 12 மாதக் கணக்கு இப்போது இல்லை. பழைய கைப்புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம்.

எழுதும் முறை கடினமானதல்ல. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். புத்தி சுவாதீனமுள்ள, வயதுவந்த எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் காணவேண்டும், அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும். உயிலினால் நன்மை பெறுகிற ஒருவரையோ, அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். உயில் நின்றாலும் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. மகன்தானே என்று மகனையே சாட்சியாகக் கையெழுத்திடவைத்தால் நஷ்டம் அவனுக்குத்தான். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. முதிர்வயதில் எழுதுகிறவர்கள் அதே நாளில் ஒரு டாக்டரின் சான்றிதழும் வாங்கிவைத்தால் பிற்பாடு தகராறு குறையும். உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரையும் அதிலேயே நியமியுங்கள். 2002-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்தியக் கிறிஸ்தவரின் உயிலுக்கு "புரொபேட்" வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் கவனிக்கவும்: திருமணத்தோடு பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடுகிறது. புதிதாக எழுதவேண்டும்.

எதை எழுதுவது என்பதில் எங்கள் ஆலோசனை ஒன்று. "தோட்டத்துக் கிணற்றடி 20 சென்ட்" என்று குறிப்பிட்டு எழுதிவிட்டு, பின்பு மகளின் கல்யாணத்துக்கு அதை விற்றால், அந்தக் கொடை அதோடு முடிந்தது. "பத்தாயிரம் ரூபாய்" என்று எழுதினால், 25 வருஷத்துக்குப் பிறகு அந்தத் தொகைக்கு என்ன மதிப்பிருக்கும் என்று யோசியுங்கள். மற்றவர்களுக்குக் கொடுத்து, கடனும் அடக்கச் செலவும் தீர்த்தபின் மீதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதுவதே மேல். சொத்து கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பங்கு அதற்குத் தக்கபடி நிற்கும். நூற்றுக்கு இரண்டு என்றாலும் அற்பமல்ல.

பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். "மிஷன் ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் எழுதினால், ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று மிஷன் ஆஸ்பத்திரிகள் இருக்குமே, எது என்று யார் சொல்வது? பதிவுசெய்யப்பட்ட முழுப்பெயரையும் விலாசத்தையும் அலுவலகத்தில் கேட்டு அப்படியே எழுதுங்கள். நோக்கத்தை மிகவும் குறுக்கவும் வேண்டாம். இன்ன வார்டில் இன்ன கட்டில் என்று எழுதினால், அந்த வார்டே இல்லாத காலம் வரலாம். "குணமாகாத நோயுள்ள பிள்ளைகளின் பராமரிப்புக்கு" என்பதே போதுமானது.

உயிலை நாங்கள் எழுதித்தருவதில்லை. எங்கள் ஊழியர் எவரும் சாட்சிக் கையெழுத்திடவும் மாட்டார். நன்மை பெறுகிறவர்களே முன்நின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். உங்கள் பிள்ளைகளும் அப்படியே பார்ப்பார்கள், அது நியாயமுங்கூட. உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் போங்கள். போவதற்குமுன் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எண்ணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. உயிரோடிருக்கும்வரை உயிலை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம், எங்கள் பங்கை எடுத்துவிடவும் செய்யலாம். எங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்பதுமில்லை.

எழுதிய உயிலை உங்கள் தனிப்பெயரிலுள்ள வங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். லாக்கரைத் திறக்க உரிமை யாருக்கு என்பதைக் காட்ட உங்கள் குடும்பத்தாருக்கு அந்த உயிலே தேவைப்படலாம். நிறைவேற்றுகிறவரிடம் ஒரு நகலைக் கொடுத்து, மூலம் எங்கே இருக்கிறதென்று வீட்டில் இருவருக்காவது சொல்லிவையுங்கள்.