குக்கர் விசில் கேட்காத பெரியம்மாவுக்கும் உன் சமையல் போய்ச் சேரணும்

தங்கச்சி, உன் சமையல் சேனலைப் பார்த்தேன். கை நல்லா ஓடுது. ஆனா நம்ம பெரியம்மாகிட்ட போனைக் கொடுத்தா, ரெண்டே நிமிஷத்துல திருப்பித் தந்துட்டாங்க. காது மந்தமானவங்க, நீ சொன்ன அளவு ஒண்ணும் அவங்களுக்குப் போய்ச் சேரல. வீடியோவுக்குக் கேப்ஷன் போடும்மா.

இது சமையலுக்குப் புதுசு இல்ல. அமெரிக்காவுல நாடு முழுக்கக் கேப்ஷனோட ஒளிபரப்பான முதல் டிவி நிகழ்ச்சியே, 1972-ல பாஸ்டன் நிலையம் ஒண்ணு போட்ட ஜூலியா சைல்டோட சமையல் நிகழ்ச்சிதான்.

யூடியூப் தானா போடுற கேப்ஷனை அப்படியே விட்டுடாதே. புளி புலியானாக்கூடப் படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க. 'அரை ஸ்பூன் உப்பு' 'ஆறு ஸ்பூன்' ஆயிட்டா குழம்பே போச்சு. யூடியூப் ஸ்டுடியோவுல கேப்ஷனைத் திறந்து வரிவரியாத் திருத்து. அளவு, நிமிஷம், பொருளோட பேரு மூணையும் ரெண்டு தடவை சரிபாரு.

பேச்சை மட்டும் எழுதினா அது அரைக் கேப்ஷன்தான். தாளிப்புல பாதி வேலையைக் காதுதானே செய்யுது? [கடுகு வெடிக்கும் சத்தம்], [குக்கர் விசில்]னு அடைப்புக்குள்ள எழுது. அதைவிட முக்கியம், 'மூணு விசில் விடுங்க'ன்னு நிறுத்தாதே. கேட்காதவங்க எப்படி எண்ணுவாங்க? எத்தனை நிமிஷம்னும் சொல்லிடு.

நீ 'ஊத்துங்க'ன்னா 'ஊத்துங்க'ன்னே எழுது, 'ஊற்றுங்கள்' ஆக்காதே. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறவங்களுக்கு உதடு ஒண்ணும் எழுத்து ஒண்ணுமா இருந்தா குழப்பம். ஒரு நேரத்துல ரெண்டு வரி போதும். 'அரை ஸ்பூன்' இங்கே, 'வெந்தயம்' அடுத்த கேப்ஷன்லன்னு பிரிக்காதே.

நோட்பேடுல நீயே எஸ்ஆர்டிங்கிற கேப்ஷன் ஃபைலைத் தயார் பண்ணலாம்: வரிசை எண், தொடங்குற நேரம் முடியுற நேரம், பேச்சு, அப்புறம் ஒரு காலி வரி. யுனிகோடுல அடிச்சு, யூடிஎஃப்-8ன்னு தேர்ந்தெடுத்து சேவ் பண்ணு. பாமினி ஃபாண்டுல அடிச்சா திரையில தமிழே வராது.

வாட்ஸ்அப்புல அனுப்புற வீடியோவுல எழுத்தை எடிட்டிங் ஆப்ல படத்தோடவே பதிச்சிடு. வாணலியை மறைக்காம பார்த்துக்கோ.

அதிகம் பேர் பார்த்த பழைய வீடியோவுல இருந்தே ஆரம்பி. அதை எடுத்துட்டு மறுபடி ஏத்த வேண்டாம். கேப்ஷன் ஃபைலை மட்டும் சேர்த்தா போதும்.