லாக்கிங் வண்டியில் புதிதாக ஏறுபவர்களுக்கு

1. என்எம்ஆர் கருவி பாறையைப் பார்ப்பதில்லை தம்பி. பாறையின் நுண்துளைகளில் உள்ள திரவத்தின் ஹைட்ரஜனைத்தான் பார்க்கிறது. தண்ணீரிலும் ஹைட்ரஜன் உண்டு, எண்ணெயிலும் உண்டு, கேஸிலும் உண்டு. எது எதுவென்று பிரிப்பது உன் வேலை.

2. கருவியை இறக்குமுன் மட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. இந்தக் கருவிக்குக் கிணற்றுச் சுவரிலிருந்து சில அங்குலம்தான் கண் தெரியும். அந்த இடத்துக்குள் மட்டின் கசிவு முன்பே புகுந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிக்னல் அடங்கும் நேரத்தைக் காட்டும் டி2 வரைபடத்தின் வலப்பக்கம் அழகாக ஒரு மேடு எழுந்ததும் "எண்ணெய்!" என்று கத்திவிட்டேன். சீனியர் ஒன்றும் பேசவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னே வைத்தார். எண்ணெய் மட்! நாமே ஊற்றியதை நாமே கண்டுபிடித்திருக்கிறோம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; எனக்கு அன்று மட்டே புத்தி சொன்னது.

3. காத்திருக்கக் கற்றுக்கொள். கருவியின் காந்தத்துக்கு ஹைட்ரஜன் முழுதாக இணங்க நேரம் வேண்டும். அந்த இணக்கத்தின் வேகத்தைக் காட்டும் டி1 நேரத்தைப்போல் மூன்று மடங்கு காத்திருந்தால்தான் 95 சதவீதம் இணங்கும். நுண்துளைத் தண்ணீர் சுவரில் உரசி உரசிச் சீக்கிரம் வழிக்கு வரும். லேசான எண்ணெய்க்கும் கேஸுக்கும் பல வினாடிகள் பிடிக்கும். ஆகவே ஒரே இடத்தைக் குறைந்த நேரம் காத்து ஒருமுறை, நீண்ட நேரம் காத்து ஒருமுறை அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவை அகப்படும். ரிக் வாடகை ஏறுகிறது என்று பின்னால் நின்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

4. டி2 வரைபடத்தில் 33 மில்லிசெகண்ட் என்ற எல்லை மணற்கல்லுக்கு. அதற்குக் கீழே இருப்பது பாறை பிடித்துவைத்த தண்ணீர், மேலே இருப்பது ஓடக்கூடியது. மும்பை ஹை போன்ற சுண்ணாம்புக்கல்லில் அதையே போட்டால் கணக்கு கவிழும். அங்கே 90, 100 என்று தொடங்க வேண்டும். அதையும் கோர் துண்டை லேபில் சுழற்றிச் சரிபார்த்த பிறகே நம்பு.

5. கேஸ் இருக்கும் இடத்தில் டென்சிட்டி லாக்கின் போரோசிட்டி ஏறும், நம் கருவியுடையது இறங்கும். அந்த இடைவெளியைப் பிடி.

6. கெட்டி எண்ணெயிடம் ஜாக்கிரதை. அதன் சிக்னல் சட்டென்று அடங்கி, களிமண் தண்ணீரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரெசிஸ்டிவிட்டி லாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தீர்ப்பு எழுதாதே.

7. மட்டில் மிதக்கும் இரும்புத்தூள் கருவியின் காந்தத்தில் ஒட்டி அளவையே கெடுக்கும். முதல்நாளே காந்தம் போட்டு அரித்தெடுக்கச் சொல். உன் சட்டைப் பையில் ஏடிஎம் கார்டு இருந்தால் அதையும் வெளியே வைத்துவிட்டு வா. என்னுடையவை இரண்டு போயிருக்கின்றன.