கதை விலை பேசுவது எப்படி?

நெல்லுக்கும் கருவாட்டுக்கும் விலை பேசத் தெரிந்த நமது வியாபாரிகள், பிள்ளை எழுதிய சினிமாக் கதைக்கு விலை பேசும் நேரத்தில் மட்டும் வாய் மூடி நிற்பதைக் காண்கிறேன். கதையும் ஒரு சரக்குத்தான்.

சென்ற மாதம் கோமாரிப் பக்கமிருந்து ஒரு தம்பி, தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் அனுப்பிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒரே பக்கம்தான். சகல உரிமைகளும், உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக. கொடுப்பனவு, படம் வெளிவந்த பின் தேறிய இலாபத்தில் பத்து வீதம். தம்பி அன்று மாலையே கையொப்பமிட்டு அனுப்பும் அவசரத்தில் இருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தை இருவரும் வரி வரியாகப் படித்தோம். அப்போது பேசியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த 'தேறிய இலாபம்'. அமெரிக்க எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் 1983இல் பரமவுண்ட் நிறுவனத்துக்கு ஒரு கதைச் சுருக்கத்தைக் கொடுத்தார். நிறுவனம் பின்னர் அதைக் கைவிட்டது. ஆனால் 1988இல் எடி மேர்பி நடித்த 'கமிங் டு அமெரிக்கா' வெளிவந்தபோது, அது தன் கதையே என்று வழக்குத் தொடுத்தார். 1990இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். உலகெங்கும் 28 கோடி டொலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்தில் தேறிய இலாபமே இல்லை என்று நிறுவனம் கணக்குக் காட்டியது! விநியோகக் கட்டணம், விளம்பரம், வட்டி, மேலதிகச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் மிச்சம் எங்கே வரும்? அந்தக் கணக்கு முறையின் பல நிபந்தனைகள் நியாயமற்றவை என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. 1992இல் புக்வால்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலரும், அவருடன் சேர்ந்து வழக்காடிய தயாரிப்பாளர் அலன் பேர்ன்ஹைமுக்கு ஏழரை இலட்சம் டொலரும் வழங்கும்படி தீர்ப்பானது.

கணக்குப் புத்தகம் மற்றவர் கையில் இருக்கும் கூட்டு வியாபாரத்தில் இலாபப் பங்கை மட்டும் நம்பி நாம் முதல் போடுவோமா? ஆகவே கைக்காசாக ஒரு தொகை முதலில் வரவேண்டும். பங்கு கேட்பதானால் மொத்த வசூலில் கேட்கலாம். புது எழுத்தாளருக்கு அதை இலேசில் தரமாட்டார்கள். அப்படியானால் படப்பிடிப்புத் தொடங்கும் நாளில் இவ்வளவு, வெளியாகும் நாளில் இவ்வளவு என்று தொகையைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, விற்கிறோமா அல்லது பிடித்து வைக்கக் கொடுக்கிறோமா என்பது. காணிக்கு அட்வான்ஸ் கொடுத்துத் தவணை வைப்பதுபோல் ஹொலிவூட்டில் 'ஒப்ஷன்' என்று ஒரு முறை உண்டு. பேசிய விலையில் ஏறத்தாழ பத்து வீதத்தைக் கொடுத்து, ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கதையைத் தன்வசம் வைத்திருப்பார்கள். தவணைக்குள் முழு விலையையும் செலுத்தாவிட்டால் கதை எழுதியவருக்கே திரும்பிவிடும், முற்பணமும் அவருக்கே. நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் படம் எடுக்கப்படாமலே கதை ஒருவரின் அலுமாரியில் கிடந்து மக்கிப்போகும்.

'நிரந்தரம்', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களைச் சும்மா போடுவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். அதைத் தவிர்க்கத்தான் அந்தச் சொற்கள். எனவே அவற்றுக்குத் தனியாக விலை கேட்பதில் தவறில்லை. வேற்று மொழி, இரண்டாம் பாகம், தொலைக்காட்சித் தொடர் ஒவ்வொன்றும் வேறு வேறு சரக்குகள். அரிசி விற்றவர் தவிட்டையும் உமியையும் இலவசமாகவா கொடுக்கிறார்?

கதை சொல்லப் போகுமுன் அத்தாட்சி வேண்டும். 2018இல் விஜய் நடித்த 'சர்கார்' படத்துக்கு எதிராக வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் நீதிமன்றம் சென்றார். 'செங்கோல்' என்ற தன் கதையை 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்ததாகச் சொன்னார். ஒக்டோபர் 30ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அவருக்கு நன்றி தெரிவிக்க இணங்கினார்கள். பழைய பதிவு ஒன்று கையில் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதி முடித்தவுடனே பதிப்புரிமை உண்டாகிவிடும், பதிவு தேவையில்லை. ஆனால் எப்போது எழுதினோம் என்பதைக் காட்டத் திகதி வேண்டுமே. முழுப் பிரதியுடன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். கதை சொல்லிவிட்டு வந்த அன்றே, இன்ன கதையைச் சொன்னேன் என்று தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் உரிமை எதையும் கொடுக்க வேண்டாம், இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்தில் மட்டுமே கொடுங்கள்.

பெயர் விடயம் கடைசியில் பேசும் சில்லறை அல்ல. 'கதை, திரைக்கதை' என்று எந்த இடத்தில், எந்த அளவில் பெயர் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுத்த படத்துக்கு விலை பேச அதுதான் முதல். எத்தனை தடவை திருத்தி எழுதவேண்டும் என்பதற்கும் எல்லை வையுங்கள். இரண்டு திருத்தம் விலைக்குள், மூன்றாவதற்குத் தனிக்கூலி.

தம்பி கையொப்பமிடவில்லை. ஐந்து வருடம், தமிழ் மொழி மட்டும், முற்பணம் இவ்வளவு என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால், கையொப்பத்துக்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.