பழியும் மறுமொழியும்: வேலூர்ப் புரட்சியை முன்வைத்துக் கிறித்தவ வாய்மை நெறி

மாதனூர், ஆம்பூர் தோல்தொழில் வட்டாரத்தை அடுத்துள்ள வேலூர்க் கோட்டையில் 1806 சூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக்குறி அணியவும் தாடி வைக்கவும் விதிக்கப்பட்ட தடை, தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை ஆகியவற்றைத் தம்மைக் கிறித்தவராக்கும் முயற்சியென அவர்கள் ஐயுற்றனர். கிளர்ச்சிக்கு மறைப்பணியாளரே காரணம் என்னும் குற்றச்சாட்டு இங்கிலாந்திலும் எழுந்தது. பாப்திசு மறைப்பணிச் சங்கச் செயலர் ஆண்ட்ரூ புல்லர் 1808இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார்.

தலைப்பாகை ஆணை சென்னைப் படைத்தலைமையிடமிருந்து பிறந்தது, மறைப்பணியாளரிடமிருந்து அன்று. எனவே குற்றச்சாட்டு பொருந்தாது. ஆயினும் சிப்பாய்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. அவர்தம் சமய அடையாளங்கள் உண்மையிலேயே விலக்கப்பட்டன. இவ்விரண்டையும் ஒருங்கே ஒப்புவதே ஈண்டு வாய்மையாகும்.

பொய்ச்சான்றை விலக்கும் கட்டளை, குற்றஞ்சாட்டுவோரை மட்டுமன்றிச் சாட்டப்பட்டோரையும் கட்டுப்படுத்தும். நம்பிக்கைக்கான விளக்கத்தைப் பணிவோடு தருதலே பேதுருவின் முதல் திருமுகம் (3:15) வகுக்கும் நெறி. தன் சமயம் மெய்யென்னும் உறுதி, தன் தரப்பு குற்றமற்றது என்பதற்குச் சான்றாகாது. அதற்குச் சான்று நிகழ்வுகளே. பழித்தவரின் துயரையும் அஞ்சாது கேட்கும் துணிவை அளிப்பதே அவ்வுறுதியின் பயன்.