முகத்தின் அளவுகள்

ஓவியம் பயிலத் தொடங்கும் மாணாக்கன் மனித முகத்தை வரையும்போது, கண்களைப் பெரும்பாலும் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுகின்றான். கண்ணும் மூக்கும் வாயுமே அவன் கருத்தைக் கவர்கின்றன. நெற்றியும் அதற்கு மேலுள்ள மண்டையும் வெற்றிடமாகத் தோன்றுதலின், அவற்றிற்கு உரிய இடத்தைக் கொடுக்க மறந்துவிடுகின்றான். வளர்ந்த ஒருவரின் உச்சந்தலை முதல் மோவாய் வரை அளந்து பாருங்கள். கண்கள் ஏறத்தாழச் சரிபாதியில் அமைந்திருத்தலைக் காண்பீர்கள். கண்ணாடியின் முன் நின்று தம் முகத்தையே அளந்த பின்னும் இதனை நம்பத் தயங்குவோர் உளர்!

மற்ற அளவுகள் எளியவை. நேரே நோக்கும் தலையின் அகலம் ஏறத்தாழ 5 கண்களின் நீளமாகும். இரு கண்களுக்கும் இடையே ஒரு கண்ணளவு வெளி உண்டு. மயிர் தொடங்கும் இடம் முதல் புருவம் வரை ஒரு பங்கு; புருவம் முதல் மூக்கின் அடி வரை ஒரு பங்கு; அங்கிருந்து மோவாய் வரை ஒரு பங்கு. காது நடுப்பங்கிற்கு நேரே அமையும். இம்மூன்று பங்குக் கணக்கை உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். நம் நாட்டுச் சிற்பிகளும் முகத்தின் நீளத்தைத் தாலம் எனக் கொண்டு, திருமேனி முழுவதையும் அதனால் அளந்தனர்.

குழந்தைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதன் மண்டை பெரிது, தாடை சிறிது, கண்கள் பாதிக்குக் கீழே அமையும். பெரியவரின் அளவைக் குழந்தைக்கு இட்டால், குள்ளமான முதியவர் ஒருவர் படத்தில் வந்து அமர்ந்துவிடுவார்.

எதிரே இருப்பவரை வரையுங்கால், கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, எழுதுகோலால் அளந்து கொள்க. பொது அளவுகளை மெல்லிய கோடுகளாக இட்டபின், இவர் முகம் அவற்றினின்று எங்கே விலகுகின்றது என நோக்குக. அவ்விலக்கத்திலேயே அவருடைய சாயல் உள்ளது.

ஜெர்மனி நாட்டு நூரம்பர்க் நகரில் 1471-இல் பிறந்த ஆல்பிரெக்ட் டியூரர் இதனை நன்கு உணர்ந்தவர். மனித உடலின் அளவுகளைப் பற்றி அவர் இயற்றிய நான்கு பகுதிகள் கொண்ட நூல், அவர் மறைந்த 1528-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அழகிய உடல் இதுவே என ஒன்றை மட்டும் கூறி அமையாது, பருத்தோர், மெலிந்தோர் எனப் பலவகை மக்களின் அளவுகளையும் அதில் வரைந்து காட்டினார். கட்டக் கோடுகளைச் சிறிது நகர்த்தினால் ஒரு முகமே வெவ்வேறு முகங்களாக மாறும் விந்தையையும் அந்நூலில் காணலாம்.

1514-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் தம் தாயைக் கரித்துண்டால் வரைந்தார். அன்னைக்கு அப்போது வயது 63. பதினெண் மக்களைப் பெற்று, அவருள் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர்; நோயாலும் நலிந்தவர். கன்னம் ஒட்டி, எலும்பு புடைத்து நிற்கின்றது. நெற்றியில் சுருக்கங்கள் வளைந்து செல்கின்றன. கண்களின் நோக்கும் ஒன்றுபடாது, ஒன்று ஒருபுறமாக விலகி நிற்கின்றது. அளவு நூலில் வல்ல அம்மகனுக்கு அதனைத் திருத்தி வரைதல் அரிதன்று. அவர் திருத்தவில்லை.

படத்தின் மேற்புறத்தில், இவர் தம் தாய் என்பதையும் அவருடைய வயதையும் கரியாலேயே குறித்தார். இரண்டு திங்கள் கழிந்தபின், அவர் இறந்த நாளையும் மையால் எழுதிச் சேர்த்தார்.