மயக்கம் வந்தால் இருதயத்தையும் பாருங்கள்



ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று சுருண்டு விழுகிறது. கை கால் வெட்டி இழுக்கிறது. ஒரு நிமிஷத்தில் தானாகவே கண் விழித்துக்கொள்கிறது. "வெயில் தாங்கல" என்பார் ஒருவர். "காக்காய் வலிப்பு, கையில இரும்பைக் கொடு" என்பார் இன்னொருவர். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று விபூதி போடுவோரும் உண்டு. பெரும்பாலான மயக்கங்கள் ஆபத்தில்லாதவையே. ஆனால் சில மயக்கங்கள் இருதயத்திலிருந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இங்கே தெரிந்துகொள்வோம்.

க்யூ–டி இடைவெளி என்பது என்ன?

ஒவ்வொரு துடிப்பின்போதும் இருதயத் தசையில் மின்னோட்டம் பரவுகிறது. தசை சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகிறது. பிறகு மின்னோட்டம் தணிந்து, தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இ.சி.ஜி. படத்தில் இதன் தொடக்கத்தை 'க்யூ' என்றும், முடிவை 'டி' என்றும் குறிப்பார்கள். இடைப்பட்ட நேரமே க்யூ–டி இடைவெளி. துடிப்பின் வேகத்தைக் கணக்கில் எடுத்துப் பார்க்கும்போது ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லி விநாடிக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். 500, அதாவது அரை விநாடியைத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

நீண்டால் என்ன ஆகும்?

தசை முழுதும் தயாராகும் முன்பே இன்னொரு துடிப்பு குறுக்கிடுகிறது. துடிப்பு தாறுமாறாகி, இ.சி.ஜி. கோடு முறுக்கிய கயிறு போல ஓடுகிறது. இதை 1966-ல் டெசர்டென் என்ற பிரெஞ்சு டாக்டர் விவரித்தார். அந்நேரத்தில் இருதயம் படபடக்கும். ஆனால் மூளைக்குப் போதிய இரத்தம் போகாது. அதனால்தான் மயக்கமும் இழுப்பும். துடிப்பு தானே சரியானால் பிள்ளை எழுந்துகொள்ளும். சரியாகாவிட்டால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும்.

காரணங்கள் யாவை?

1. பிறவிக் குறை: 1957-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது; அடிக்கடி மயங்கி விழுவார்கள். அவர்களில் மூவர் சிறு வயதிலேயே திடீரென்று இறந்தனர். இவ்வகைக் குறை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. ஆகவே சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. காது நன்றாகக் கேட்பவர்களுக்கு வரும் இன்னொரு வகையே அதிகம். அது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஓடும்போதோ நீந்தும்போதோ, அலாரம் போன்ற திடீர்ச் சத்தத்திலோ, சிலருக்குத் தூக்கத்திலோ மயக்கம் வரலாம்.

2. மருந்துகள்: அசித்ரோமைசின், எரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், மலேரியாவுக்குக் குளோரோகுவின், மனநோய்க்கு ஹாலோபெரிடால், சில இருதய மாத்திரைகள் ஆகியவை இந்த இடைவெளியை நீட்டக்கூடும். இதே ஆபத்தால்தான் வயிற்றுக்கோளாறுக்குத் தந்த சிசாப்ரைடு என்ற மருந்து 2011-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

3. உப்புச் சத்துக் குறைவு: பேதி, வாந்தி, நீர் மாத்திரை, பட்டினி ஆகியவற்றால் உடம்பில் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைகின்றன. கால்சியம் குறைந்தாலும் இடைவெளி நீளும்.

இவை ஒன்று சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. பேதியால் இரண்டு நாளாகச் சோர்ந்து கிடக்கும் பாட்டிக்கு, "கடைக்காரர் கொடுத்தார்" என்று வாந்தி மாத்திரையும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கிறோம். அவர் ஏற்கெனவே நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். இப்படி நாலு பக்கமும் இழுத்தால் இருதயம் தாங்குமா? முதியவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

நாம் செய்ய வேண்டியவை

• ஓடும்போது, நீந்தும்போது, சத்தம் கேட்டு அல்லது தூக்கத்தில் மயங்கியவருக்குக் கட்டாயம் இ.சி.ஜி. எடுங்கள். வலிப்பு என்று சொன்னாலும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வலிக்காது, ஊசியும் இல்லை.

• குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காது கேட்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். ஒருவருக்கு நோய் இருந்தால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

• கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

• பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். அதில் பொட்டாசியமும் உண்டு.

• இதைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். காசநோய்க்குப் பெடாகுவிலின் சாப்பிடுவோர் சொன்ன தேதியில் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.

• பிறவிக் குறை உள்ளவர்களுக்குப் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை நல்ல பலன் தருகிறது. ஒரு வேளையும் தவறக்கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் சில தாய்மார்களுக்கு ஆபத்து கூடும். பிள்ளையைக் கவனிக்கும் அலுப்பில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

• விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

இரும்பும் விபூதியும் மனசுக்குத் தைரியம் தரலாம். ஆனால் நோயைக் காட்டுவது இ.சி.ஜி. தாளே. "எழுந்து உட்கார்ந்துட்டானே, இனி என்ன" என்று இருந்துவிடாதீர்கள். முதல் மயக்கத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். அடுத்த மயக்கம் வராமல் தடுக்க வழி உண்டு.